பூட்டி வைத்த நீர்: இங்கிலாந்தின் இடைக்காலத் திருமுழுக்குத் தொட்டிகள்

இங்கிலாந்தின் கிராமத்துத் தேவாலயம் ஒன்றுக்குள் நுழைபவர் சில அடிகள் நடப்பதற்குள், பெரும்பாலும் மேற்குப் பகுதியில், வாசலை ஒட்டி நிற்கும் ஒரு கல் தொட்டியைக் காண்பார். ஞானஸ்நானத் தொட்டி என்று பழைய வழக்கிலும் திருமுழுக்குத் தொட்டி என்று இன்றைய வழக்கிலும் நாம் சொல்வது இதைத்தான். திருச்சபைக்குள் ஒருவர் நுழைவது திருமுழுக்கின் வழியாக என்பதால், தொட்டியும் வாசலருகே இடம் பெற்றது. வருபவர்களில் பலர் அதன் பக்கங்களில் செதுக்கியிருக்கும் உருவங்களைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் குனிந்து பார்க்க வேண்டியது விளிம்பை. அங்கே எதிரெதிராக இரண்டு இடங்களில் கல் பெயர்ந்து போயிருக்கும். அல்லது பெயர்ந்த இடத்தில் வேறு நிறக் கல்லை அளவாக வெட்டிப் பொருத்தி ஒட்டுப்போட்டிருப்பார்கள். சில தொட்டிகளில் துளைக்குள் பழைய ஈயத்தின் மிச்சமும், அதைச் சுற்றி இரும்புத் துரு இறங்கிய பழுப்புக் கறையும் இன்னும் தெரியும். மூடியைப் பூட்டுவதற்காகப் பதித்திருந்த இரும்பு வளையங்கள் இருந்த இடம் அது. பிற்காலத்தில் யாரோ அவற்றை நெம்பிப் பிடுங்கியபோது கல்லும் சேர்ந்து உடைந்து வந்திருக்கிறது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பூட்டு எதற்கு என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால், இந்தக் கற்களைப் பற்றிய மற்றவை ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கும். இவற்றைச் சிற்பக் கலையின் எடுத்துக்காட்டுகளாக மட்டும் பார்ப்பது பாதிப் பார்வைதான் என்பது என் கருத்து. தொட்டியின் ஆழம், அகலம், மூடி, அடித்துளை, அதன்மேல் செதுக்கிய உருவங்கள், அதற்கு நேர்ந்த சேதம் ஆகிய எல்லாம் அந்தந்தக் காலத்து மக்கள் அதனுள் இருந்த நீரை என்னவாகக் கருதினார்கள் என்பதையே சொல்கின்றன.

1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், நற்கருணையும் பரிமளத் தைலமும் எல்லா ஆலயங்களிலும் பூட்டுக்குள் இருக்க வேண்டும் என்று விதித்தது. அவற்றைத் தகாத செயல்களுக்கு எவரும் எடுத்துவிடக் கூடாது என்பதே காரணம். அதே அச்சத்தைத் தொட்டியின் மீதும் இங்கிலாந்தின் ஆயர்கள் கொண்டிருந்தார்கள். 1236இல் கான்டர்பரி பேராயர் எட்மண்ட் வெளியிட்டதாக அறியப்படும் விதிகள், திருமுழுக்கு நடக்கும் ஒவ்வோர் ஆலயத்திலும் கல்லாலோ தகுந்த வேறு பொருளாலோ ஆன தொட்டி இருக்க வேண்டும், அது மூடிப் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்கின்றன. சூனியம், மந்திரவாதம் ஆகியவற்றுக்காக அந்த நீரை எடுத்துச் செல்வார்கள் என்பதே அங்கும் காரணமாகச் சொல்லப்படுகிறது.

களவாடும் அளவுக்கு நீர் எப்போதும் தொட்டியில் இருந்ததா என்றால், இருந்தது. இன்றுபோல் ஒவ்வொரு திருமுழுக்குக்கும் புதிதாக நீர் ஊற்றும் வழக்கம் அன்று இல்லை. ஈஸ்டருக்கு முந்திய இரவான பாஸ்கா திருவிழிப்பின்போதும் பெந்தெகொஸ்தே திருநாளுக்கு முந்திய நாளிலும் நீண்ட மன்றாட்டுகளோடு நீர் மந்திரிக்கப்பட்டது. எரியும் மெழுகுதிரியின் மெழுகு அதில் சொட்டவிடப்பட்டது. எண்ணெயும் பரிமளத் தைலமும் கலக்கப்பட்டன. அந்த நீர் வாரக்கணக்கில் தொட்டியிலேயே கிடந்தது. நோயுற்ற குழந்தைக்கும் பால் சுரக்காத மாட்டுக்கும் அதில் ஒரு கைப்பிடி போதும் என்று நம்பியவர்கள் ஊரில் இருந்திருப்பார்கள் என்பதை நம் ஊர்க் கோயில் தீர்த்தத்தை அறிந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. நீர் அவ்வளவு நாள் கிடந்ததால்தான், 1549இல் வெளிவந்த முதல் ஆங்கில வழிபாட்டு நூல், மாதத்துக்கு ஒரு முறையேனும் தொட்டி நீரை மாற்ற வேண்டும் என்று தனியாகச் சொல்ல நேர்ந்தது.

நீர் நிலையாக நின்றதன் இன்னொரு விளைவு உட்புற ஈயத் தகடு. சுண்ணாம்புக் கல்லும் மணற்கல்லும் நீரை உறிஞ்சும், கசியவும் செய்யும் என்பதால் குழிக்குள் ஈயத்தைப் பதித்து விளிம்புவரை மடித்துவிட்டார்கள். அடியில் ஒரு துளை உண்டு. அது தண்டுக் கல்லின் நடுவே நேராக இறங்கித் தரைக்குக் கீழே மண்ணில் முடியும். மந்திரித்த நீர் கால்வாயில் கலக்கக் கூடாது, யார் காலிலும் படக் கூடாது, பூமிக்குள்ளேயே இறங்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது.

குழியின் அளவையும் நீரே தீர்மானித்தது. சாதாரணமான ஓர் இடைக்காலத் தொட்டியின் உள்விட்டம் ஏறத்தாழ 2 அடி, ஆழம் ஏறத்தாழ 1 அடி. தலையில் மூன்று முறை நீர் வார்ப்பதற்கு இவ்வளவு பெரிய குழி தேவையில்லை. குழந்தையை ஆடையின்றி எடுத்து முழுக்குவதே அன்றைய முறை. இங்கிலாந்தில் பரவலாகக் கைக்கொள்ளப்பட்ட, சாரம் எனப்பட்ட சாலிஸ்பரி வழிபாட்டு முறைப்படி, குருவானவர் குழந்தையை மூன்று முறை, ஒரு முறை ஒரு பக்கமாகவும் மறுமுறை மறு பக்கமாகவும் மூன்றாம் முறை முகம் கீழ்நோக்கியும் முழுக்க வேண்டும். பலவீனமான குழந்தைக்கு நீர் வார்த்தால் போதும் என்பது பின்னாளில் எழுத்தில் வந்த சலுகை. அந்தச் சலுகையே காலப்போக்கில் வழக்கமாகிவிட்டது.

பிறந்த சில நாள்களுக்குள், பல சமயங்களில் பிறந்த அன்றே, குழந்தையைக் கொண்டுவந்தார்கள். திருமுழுக்கு இல்லாமல் இறக்கும் குழந்தைக்கு விண்ணுலகம் இல்லை என்ற போதனை அவர்களை விரட்டியது. ஆலயம்வரை உயிர் தாங்காது என்று தோன்றினால் மருத்துவச்சியே வீட்டில் திருமுழுக்குக் கொடுக்கலாம். அதற்கான சொற்களை மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே கற்பிக்கும்படி குருக்களுக்குக் கட்டளை இருந்தது. அப்படிப் பயன்பட்ட பாத்திரத்தை எரித்துவிட வேண்டும், இல்லையேல் ஆலயத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். மீண்டும் அடுப்படிக்குப் போகக் கூடாது. நீரை நெருப்பில் ஊற்ற வேண்டும், அல்லது ஆலயத் தொட்டியில் சேர்க்க வேண்டும். ஒரு வீட்டுக் குவளையில் இருந்த நீரைப் பற்றியே இவ்வளவு கவனம் என்றால், தொட்டிக்குப் பூட்டுப் போட்டது வியப்பில்லை.

இனி, பல ஆலயங்களில் கட்டடத்தைவிடத் தொட்டி பழையதாக இருப்பது ஏன் என்ற கேள்விக்கு வருவோம். 14, 15ஆம் நூற்றாண்டுகளில் முற்றாக மாற்றிக் கட்டிய ஆலயத்துக்குள் 12ஆம் நூற்றாண்டின் நார்மன் ஆட்சிக்காலத் தொட்டி நிற்பது இங்கிலாந்தில் மிகச் சாதாரணமான காட்சி. உறுதியான கல் என்பது ஒரு காரணம்தான். வலுவான காரணம் உரிமை. திருமுழுக்குக் கொடுப்பதும் இறந்தவரை அடக்கம் செய்வதும் பங்கின், அதாவது ஒரு குருவின் பொறுப்பில் இருந்த ஊர்ப்பகுதியின், தாய் ஆலயத்துக்கு உரியவை. அவற்றோடு காணிக்கை வருமானமும் சேர்ந்திருந்தது. தொலைவில் உள்ள சிற்றாலயம் தனக்கென்று தொட்டி வைத்துக்கொள்ள அனுமதி பெற வேண்டியிருந்தது, தாய் ஆலயங்கள் அதை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே தொட்டி என்பது ‘இது பங்கு ஆலயம்’ என்பதற்கான கல்லால் ஆன சான்று. சுவரை இடித்துக் கட்டினாலும், பாட்டன் முழுகிய தொட்டியில் பேரனும் முழுக வேண்டும் என்ற பற்றும் அந்த உரிமையும் சேர்ந்து அதை இருந்த இடத்திலேயே காத்தன.

சில இடங்களில் வேறொன்றாக இருந்த கல்லையே தொட்டியாக்கினார்கள். நார்தம்பர்லாந்தின் சோலர்ட்டனில் உள்ள தொட்டி, ரோமானியர் யூப்பிட்டர் தெய்வத்துக்கு எழுப்பிய பலிபீடத்தைத் தலைகீழாக்கிக் குடைந்தது. ஷ்ராப்ஷயரின் ராக்ஸிட்டரில், அழிந்த ரோமானிய நகரத்தின் தூண் அடிக்கல் ஒன்று தொட்டியாயிற்று. டார்செட்டில் மெல்பரி பப் என்ற ஊரின் தொட்டியைச் சுற்றிலும் ஒன்றையொன்று பின்னிக்கொண்ட விலங்குகள் உண்டு. ஆனால் அவையெல்லாம் கால்கள் மேலே, தலை கீழே என்று நிற்கின்றன. நார்மன் வருகைக்கு முந்திய சிலுவைத் தூண் ஒன்றின் துண்டைக் கவிழ்த்துக் குடைந்ததால் வந்த நிலை அது.

தொட்டி செய்வது ஒரு தொழிலாகவும் வணிகமாகவும் இருந்தது என்பதற்குத் தெளிவான சான்று, பெல்ஜியத்தின் தூர்னே நகரத்திலிருந்து வந்த கருங்கல் தொட்டிகள். தூர்னே பளிங்கு என்று பெயர் பெற்றாலும் அது மெருகு ஏற்கும் கரிய சுண்ணாம்புக் கல். ஷெல்ட் ஆற்றங்கரைச் சுரங்கத்தில் வெட்டி, படகிலும் கப்பலிலும் ஏற்றி அனுப்பியவற்றுள் 7 தொட்டிகள் இங்கிலாந்தில் நன்கு அறியப்பட்டவை. அவற்றுள் 4 ஹாம்ப்ஷயரில் உள்ளன: வின்செஸ்டர் பேராலயம், ஈஸ்ட் மியான், செயின்ட் மேரி பார்ன், சவுத்தாம்ப்டன். மற்றவை லிங்கன், தார்ன்டன் கர்ட்டிஸ், இப்ஸ்விச் ஆகிய இடங்களில். ஈஸ்ட் மியான் தொட்டியில் ஏதேன் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்ட ஆதாமுக்கு வானதூதர் நிலத்தைக் கொத்தக் கற்றுக்கொடுக்கிறார், ஏவாள் நூல் நூற்கிறாள். முதல் பாவமும் அதன் பின்விளைவும் அந்தப் பாவத்தைக் கழுவும் நீரைச் சுற்றிச் செதுக்கப்பட்டிருப்பது மிகப் பொருத்தம். வின்செஸ்டர் தொட்டியில் புனித நிக்கோலாவின் கதை இருக்கிறது. சீர் கொடுக்க வழியில்லாத தந்தையின் மூன்று மகள்களுக்காக அவர் பொன் கொடுக்கும் காட்சி அதில் ஒன்று. இன்னொரு காட்சியில் வரும் கப்பலின் பின்புறத்தில் பொருத்தியிருக்கும் சுக்கான், அந்த வகைச் சுக்கானை ஐரோப்பாவில் காட்டும் மிகப் பழைய உருவங்களுள் ஒன்று என்பதால் கப்பல் வரலாற்றை எழுதுபவர்களும் அந்தத் தொட்டியைத் தேடிவருகிறார்கள்.

உள்நாட்டிலும் இப்படிப் பட்டறைகள் இருந்தன. டார்செட்டின் பர்பெக் கல்லில் ஆழமில்லாத வளைவு வரிசைகளை மட்டும் செதுக்கிய தொட்டிகள் தென்கிழக்கு முழுவதும் கிடைக்கின்றன. நேர்த்தியானவை என்றாலும் அவற்றுள் பத்தைப் பார்த்தவருக்குப் பதினொன்றாவதில் புதிதாக எதுவும் இராது. ஈயத்தில் வார்த்த தொட்டிகளில் ஏறத்தாழ 30 எஞ்சியுள்ளன. கென்ட்டின் புரூக்லாந்தில் உள்ளது பன்னிரு ராசிகளையும் பன்னிரு மாதங்களின் வேலைகளையும் மேலும் கீழுமாகக் காட்டுகிறது.

மாதங்களைக் கல்லில் காட்டும் தொட்டி நார்ஃபோக் கடற்கரையோரமான பர்னம் டீப்டேலில் இருக்கிறது. சதுரமான அதன் மூன்று பக்கங்களில் பக்கத்துக்கு நான்கு மாதங்கள். நான்காம் பக்கத்தில் இலைக்கொடிகள். ஒவ்வொரு மாதமும் ஒரு சிறு வளைவுக்குள் நிற்கும் ஒரே மனிதன்தான். ஜனவரியில் கொம்பில் ஊற்றிய பானத்தைக் குடிக்கிறான். பிப்ரவரியில் கால்களை நெருப்பில் காட்டிக் குளிர்காய்கிறான். மார்ச்சில் மண்வெட்டியை எடுக்கிறான், ஜூனில் களை பறிக்கிறான், ஜூலையில் நீண்ட அரிவாளால் புல் அறுக்கிறான், ஆகஸ்டில் குனிந்து கதிர்க்கட்டைக் கட்டுகிறான், செப்டம்பரில் கதிரடிக்கிறான், நவம்பரில் பன்றியை வெட்டுகிறான். டிசம்பர் வளைவில் மட்டும் நால்வர் நெருங்கி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். செதுக்கல் முரட்டுத்தனமானது, தலைகள் பெரியவை, கைகள் குட்டை. ஆனால் களை பறிப்பவனின் முதுகு வளைந்திருக்கும் விதத்தை வயலில் நின்றவர்தான் செதுக்கியிருக்க முடியும். இந்தத் தொட்டியைச் சுற்றி நின்ற ஞானப்பெற்றோர் தங்கள் ஆண்டு முழுவதையும் அதில் பார்த்தார்கள். கையில் இருந்த குழந்தைக்குக் காத்திருந்த ஆண்டுகளும் அவையே.

செதுக்கியவர்கள் அநேகமாகப் பெயரற்றவர்கள். கம்பிரியாவின் பிரைட்கிர்க் தொட்டி அதற்கு அழகான விதிவிலக்கு. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் ஒரு பக்கத்தில், கொடிகளுக்கு நடுவே சுத்தியலும் உளியுமாக ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கிறார். அங்கே ஓடும் பட்டையில் ரூன் எனப்படும் பழைய வட ஐரோப்பிய எழுத்துகளில் இடைக்கால ஆங்கிலச் செய்யுளடி ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது: ரிக்கார்த் என்னைச் செய்தான், ஆர்வத்தோடு இந்த அழகுக்கு என்னைக் கொண்டுவந்தான் என்று தொட்டியே தன் வாயால் சொல்கிறது. புரவலர் பெயரையும் ஆயர் பெயரையும் விட்டுவிட்டுக் கல்தச்சரின் பெயரைச் சொல்லும் இடைக்காலக் கல் எவ்வளவு அரிது என்பதை எண்ணும்போது, அந்த ஒரே வரிக்காகவே கம்பிரியாவுக்குப் போகலாம் என்று எனக்குத் தோன்றும்.

ஹியர்ஃபோர்ட்ஷயரில் 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயங்கிய சிற்பிகள் குழு இந்தக் கலையின் உச்சத்தைத் தொட்டது. காசில் ஃப்ரோமில் பருத்த தொட்டியொன்று குந்தியிருக்கும் உருவங்களின் முதுகின்மேல் நிற்கிறது. வட்டமான குளத்தில் இயேசு நிற்க, அவர் காலடி நீரில் மீன்கள் நீந்துகின்றன. எர்ட்ஸ்லியில் கொடிகளில் சிக்கியபடி இரண்டு வீரர்கள், ஒருவன் வாளோடும் மற்றவன் ஈட்டியோடும், பொருதுகிறார்கள். மறுபுறம் பாதாளத்தில் இறங்கிய கிறிஸ்து ஒருவனைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுக்கிறார். அந்த இழுப்பின் விசை கல்லில் தெரிகிறது. குழந்தையை நீரிலிருந்து தூக்கும் கைக்கு அருகே இந்தக் காட்சி இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது முழுமையாகப் புரியும்.

15ஆம் நூற்றாண்டுக்குள் எண்கோணமே தொட்டியின் இயல்பான வடிவம் ஆகிவிட்டது. ஏழு நாள்களுக்கு அடுத்த எட்டாம் நாள் உயிர்த்தெழுதலின் நாள். நோவாவின் பேழையில் நீரிலிருந்து தப்பியவர்கள் எட்டுப் பேர். இவையிரண்டையும் திருமுழுக்கோடு இணைத்துப் பேசுவது மிகப் பழைய மரபு. நார்ஃபோக், சஃபோக் பகுதிகளில் இந்த எட்டுப் பக்கங்களுக்குப் புதிய பயன் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஏழு பக்கங்களில் ஏழு திருவருட்சாதனங்கள், அதாவது திருமுழுக்கு முதலான திருச்சடங்குகள். எஞ்சிய எட்டாவதில் சிலுவைப்பாடு, இயேசுவின் திருமுழுக்கு போன்ற ஒரு காட்சி. இவ்வகைத் தொட்டிகள் ஏறத்தாழ 40 உள்ளன. இவ்விரு மாவட்டங்களுக்கு வெளியே இருப்பவை மிகச் சில. நார்ஃபோக்கின் ஈஸ்ட் டியரமில் 1468இல் செய்யப்பட்ட தொட்டிக்கு 12 பவுனுக்கு மேல் செலவானதை அந்த ஆலயத்தின் கணக்கு காட்டுகிறது.

இவ்வளவு செலவில் ஏழு சாதனங்களையும் கல்லில் நிறுத்த வேண்டிய தேவை என்ன? அதே பகுதியில் 1420களில் லொல்லார்டுகள் எனப்பட்டோர், குருவானவரின் கையால் நடக்கும் சாதனங்களை மறுத்ததற்காக விசாரிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு அளிக்கப்பட்ட மறுமொழியே இந்தத் தொட்டிகள் என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது, ஊரார் தங்கள் ஆலயத்தின் மேல் கொண்ட பெருமைக்கும் அதில் பங்கு உண்டு என்றாலும். திருமுழுக்குப் பக்கத்தைக் கூர்ந்து பார்த்தால், தொட்டியின்மேல் இன்னொரு சிறிய எண்கோணத் தொட்டி செதுக்கப்பட்டிருக்கும். குருவானவர் ஆடையற்ற குழந்தையை அதற்கு மேல் பிடித்திருப்பார். அருகில் ஒருவர் புத்தகத்தை விரித்துப் பிடித்திருப்பார். குழந்தையை முழுக்கியதற்கு இதைவிட நேரான சாட்சியம் வேண்டியதில்லை. சஃபோக்கின் வெஸ்ட்ஹாலில் பழைய வண்ணத்தின் தடம் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதால், இன்று வெறும் சாம்பல் நிறமாக நாம் காணும் இக்கற்கள் ஒரு காலத்தில் சிவப்பும் பொன்னுமாக இருந்தன என்பதும் தெரிகிறது.

இவ்வகையின் கடைசித் தொட்டிகளுள் ஒன்றான வால்சோக்கன் தொட்டியில் 1544 என்ற ஆண்டு இருக்கிறது. அதற்குச் சில ஆண்டுகளிலேயே இங்கிலாந்தின் சமயச் சீர்திருத்தத்தில் ஏழு சாதனங்கள் இரண்டாகக் குறைக்கப்பட்டன. உருவங்களின் முகங்களை உளியால் கொத்தினார்கள். சில ஊர்களில் சாந்து பூசி மறைத்தார்கள், அந்தச் சாந்தே சிற்பங்களைக் காப்பாற்றவும் செய்தது. ஆனால் தொட்டியே வேண்டாம் என்று அரசு சொல்லவில்லை. தொட்டிகளை இடம் மாற்றக் கூடாது, அவற்றுக்குப் பதிலாகக் கிண்ணம் வைக்கக் கூடாது என்று முதலாம் எலிசபெத்தின் ஆட்சி 1561இல் கட்டளையிட்டது. 1604ஆம் ஆண்டின் திருச்சபை விதிகள், கல் தொட்டி ஒன்று ஒவ்வோர் ஆலயத்திலும் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும் என்றன.

அந்த விதி கடல் கடந்து நம் ஊருக்கும் வந்தது. 1680இல் அபிஷேகம் செய்யப்பட்ட சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மரியாள் ஆலயத்தில் உள்ள தொட்டி பல்லாவரத்துக் கருங்கல்லால் ஆனது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னாக்கின் மூன்று மகள்கள் 1689இல் அந்த ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றார்கள்.

தொட்டிகளுக்கு மிகக் கடுமையான காலம் 1640களில் வந்தது. உள்நாட்டுப் போரின்போது உருவங்களை அகற்றும் பொறுப்பை ஏற்ற வில்லியம் டௌசிங், கேம்பிரிட்ஜ்ஷயர், சஃபோக் ஆலயங்களில் தாம் உடைத்தவற்றைப் பற்றி ஒரு நாட்குறிப்பு எழுதிவைத்தார். சஃபோக்கின் அஃபர்டில் தொட்டிக்கு மேல் 18 அடி உயரத்துக்கு மரத்தில் செதுக்கிய மூடி ஒன்று கோபுரம்போல் எழும்புகிறது. உச்சியில் தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டும் கூழைக்கடா. அதைப் பார்த்த அவர், திருத்தந்தையின் மும்முடியைப் போன்ற மகத்தான மூடி என்று எழுதியிருக்கிறார். மூடி இன்றும் இருக்கிறது. நீரைக் காக்கத் தொடங்கிய ஒரு பலகை, இரண்டு நூற்றாண்டுகளில் வளர்ந்து வந்து சேர்ந்த உயரம் அது.

1644இல் நாடாளுமன்றம் தொட்டிகளைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. அடுத்த ஆண்டின் வழிபாட்டு வழிகாட்டி, மக்கள் வசதியாகப் பார்க்கவும் கேட்கவும் கூடிய இடத்தில் திருமுழுக்கு நடக்க வேண்டும், பழைய தொட்டிகள் இருந்த இடங்களில் அல்ல என்றது. ஒரு கிண்ணமே போதும் என்றாயிற்று. பல தொட்டிகள் ஆலயத்துக்கு வெளியே போய் மாட்டுத் தொட்டியாகவும் மழைநீர்த் தொட்டியாகவும் பூந்தொட்டியாகவும் கிடந்தன. 1660இல் மன்னராட்சி மீண்டதும் சில ஊர்கள் பழையதைத் தேடி எடுத்தன, சில ஊர்கள் ஆண்டைப் பொறித்துப் புதியதைச் செய்தன. க்ளாஸ்டர்ஷயரின் டியர்ஹர்ஸ்டில் சுருள் சுருளாகக் கோலமிட்ட தொட்டி, ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பண்ணை ஒன்றில் தொட்டியாகக் கிடந்து 19ஆம் நூற்றாண்டில்தான் அடையாளம் காணப்பட்டது. கிண்ணமும் தண்டும் வெவ்வேறு இடங்களில் கிடைத்து, பின்னர் மீண்டும் சேர்த்து வைக்கப்பட்டன.

அந்த நூற்றாண்டின் பக்தர்கள் தொட்டிகளை மீட்டதற்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் சில இடங்களில் தேய்ந்த சிற்பத்தைச் சுரண்டிப் புதிதாகச் செதுக்கியதால் எது பழையது என்று பிரித்தறிய முடியாமல் போனதும் அவர்கள் கையால்தான். தீயும் சிலவற்றைத் தொட்டது: லிட்டில் வால்சிங்கம் ஆலயம் 1961இல் எரிந்தபோது அதன் ஏழு சாதனத் தொட்டி தப்பியது, இன்றும் படிகளின்மேல் நிற்கிறது.

இன்று இந்தத் தொட்டிகளில் பல பயன்பாட்டில்தான் உள்ளன. பூட்டு இல்லை, நீர் மந்திரித்து வைக்கப்படுவதும் இல்லை. திருமுழுக்கு நாளன்று காலையில் மூடியைத் தூக்கி, அகன்ற ஈயக் குழியின் நடுவே ஒரு சிறிய கிண்ணத்தை வைத்து அதில் வெந்நீர் கலந்து ஊற்றுகிறார்கள். குழந்தையின் நெற்றியில் அதிலிருந்து மூன்று கை நீர் வார்க்கப்படுகிறது; வழியும் நீர் கல்லின் பழைய குழிக்குள் விழுந்து, திறந்திருக்கும் இடங்களில், அடித்துளை வழியே இன்னும் மண்ணுக்கே இறங்குகிறது.